நசரத்பேட்டை வழியே போன பூக்கூடை

விடியற்காலையில் நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாக நின்றால், கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் முதல் ஷிப்ட் ஆட்கள். நேற்று செய்த அதே வேலைதான் இன்றும், நாளையும். இதெல்லாம் எதற்கு என்று ஒருநாளாவது நினைக்காதவர் அந்த பஸ்களில் இருக்க மாட்டார்.

அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1942இல் 'சிசிபஸின் புராணம்' எழுதியதும் இதே கேள்விக்காகத்தான். கிரேக்கப் புராணத்தில் வரும் சிசிபஸ் பாறையை மலைமேல் உருட்டுவான். அது கீழே உருண்டுவிடும். மறுபடி இறங்கிப்போய் உருட்டுவான். கடவுள்கள் தந்த தண்டனை அது. ஆனாலும் அவன் மகிழ்ச்சியாகவே இருக்கிறான் என்று வாதிடுகிறார் காம்யு. அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் சிசிபஸுக்குப் பேச்சுத்துணை இல்லையே!

பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிக்கு அது இருந்தது. 11ஆம் நூற்றாண்டுக்காரர், ராமானுஜருக்கு மூத்தவர். பூந்தமல்லியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காஞ்சிபுரத்து வரதராஜருக்கு நாள்தோறும் பூ எடுத்துக்கொண்டு நடந்தார் என்கிறது தலபுராணம். அந்த வழி நசரத்பேட்டைப் பக்கம்தான். ஒரே நாளில் இவ்வளவு தூரம் போய்வர முடியுமா என்று கேட்கலாம். தூரம் எப்படியோ போகட்டும், பூவை நினைத்துப் பாருங்கள். இன்று சாத்திய பூ நாளைக்கு வாடிவிடும். நாளைக்கும் பறிக்க வேண்டும், நடக்க வேண்டும்.

காஞ்சியில் அவர் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் என்னும் விசிறி வீசுவார். பெருமாள் அவரோடு பேசுவார். ராமானுஜரின் ஐயங்களுக்குக்கூட அவர் மூலமாகத்தான் விடை வந்தது என்பது வைணவ மரபு. ஒருநாள் நம்பி மோட்சம் கேட்டாராம். நீர் வீசியதற்கு நான் பேசியது சரியாகப் போயிற்று என்று பெருமாள் கையை விரித்துவிட்டாராம்.

கடுமையான பதில்தான். ஆனால் இந்த விஷயத்தில் இதைவிட நேர்மையான பதிலை நான் அறியேன். கூலி கடைசியில் வருவதில்லை, வீசும்போதே வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசி முடியாத கதையும், இடைவேளையில் பங்குபோட்டுக் குடிக்கும் டீயும் அப்படி வருகிற கூலிதான்.

முதல் ஷிப்ட் போகிறவர்களே, பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் நம்பிக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. வார விடுமுறையில் ஒருமுறை போய்ப் பாருங்கள், பக்கத்து இருக்கைக்காரரையும் கூட்டிக்கொண்டு.