விற்றதை மீண்டும் வாங்கிய கதை

"மின்சாரத்தைச் சர்க்கார் நடத்தலாமா? தனியாரிடம் விட்டால்தானே திறமை வளரும், விலை குறையும்?" என்று கேட்கும் கனவான்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பிரெஞ்சு நாட்டிலும் இருந்தார்கள். அவர்கள் பேச்சு அங்கே எடுபட்டது. 2005-ம் ஆண்டு நவம்பர் மாதம் அந்நாட்டுச் சர்க்கார் தன் மின்சார நிறுவனத்தின் பங்குகளில் ஒரு பகுதியைச் சந்தையிலே விற்றது. பொதுமக்களுக்குப் பங்கு ஒன்று 32 யூரோ. பதினெட்டு ஆண்டுகள் முடியவில்லை. 2023-ம் ஆண்டு ஜூன் மாதம், வெளியார் கையில் இருந்த பங்குகள் அத்தனையையும் சர்க்காரே திரும்ப வாங்கிக்கொண்டது. பங்கு ஒன்று 12 யூரோ. செலவு சுமார் 970 கோடி யூரோ.

வாங்கியது பொதுவுடைமைக் கட்சியின் சர்க்காரா? இல்லை. "பணக்காரர்களின் ஜனாதிபதி" என்று எதிர்க்கட்சியினர் ஏசிய மாக்ரோனின் சர்க்கார்! தனியார்மயத்தின் பெருமை பாடியவர்களே தேசவுடைமைக்குத் திரும்பினார்களே, ஏன்? தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

அநாதைச் சிறுவன் இயற்றிய சட்டம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரான்சு நொறுங்கிக் கிடந்தது. நிலக்கரி பற்றாக்குறை, மின்சாரம் பற்றாக்குறை. இருந்த மின்சாரமோ நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் கையில். ஊருக்கு ஒரு கட்டணம், வட்டாரத்துக்கு ஒரு மின்னழுத்தம். இலாபம் வரும் நகரத்துக்குக் கம்பி போகும். இலாபம் வராத கிராமம் காத்துக் கிடக்கும்.

இந்த நிலையை மாற்ற வந்தவர் மார்செல் போல். 1900-ம் ஆண்டு பாரிசில் பெற்றோரால் கைவிடப்பட்டு, பொது உதவியில் வளர்ந்தவர். பண்ணையில் கூலி வேலை பார்த்தவர், பிறகு மின்சாரத் தொழிலாளி, தொழிற்சங்கத் தலைவர், கம்யூனிஸ்டு. நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸ் முகாமுக்கும் புகன்வால்டு முகாமுக்கும் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பினார். அதே 1945-ம் ஆண்டு நவம்பரில் தொழில் உற்பத்தி மந்திரியானார். மின் கம்பம் ஏறியவர்களின் தோழன் மந்திரி நாற்காலியில் அமர்ந்தார்!

1946-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி சட்டம் வந்தது. ஏறத்தாழ 1,450 மின்சார, எரிவாயுக் கம்பெனிகள் தேசவுடைமை ஆயின. மின்சாரத்துக்கு ஒன்று, எரிவாயுவுக்கு ஒன்று என இரண்டு பொது நிறுவனங்கள் பிறந்தன. மின்சார நிறுவனத்தின் பெயர் எலெக்ட்ரிசிதே த பிரான்ஸ், சுருக்கமாக ஈ.டி.எப்.

பறிமுதல் செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். பங்குதாரர்களுக்கு நஷ்ட ஈடாக 3% வட்டியுள்ள பத்திரங்கள் தரப்பட்டன. எல்லாவற்றையும் ஒரேயடியாக விழுங்கவும் இல்லை. சிறு உற்பத்தியாளர்களும், நகராட்சிகள் தாமே நடத்திவந்த விநியோக நிலையங்களும் தப்பின. உள்ளூர்க் கம்பிகளின் சொந்தக்காரர்கள் ஊராட்சிகளே. அவற்றை நடத்தும் உரிமை மட்டும் ஈ.டி.எப்.பிடம்.

நிர்வாக சபையில் மூன்று தரப்பு அமர்ந்தது. ஒரு தரப்பு அரசு. ஒரு தரப்பு மின்சாரத்தைப் பயன்படுத்துவோர். மூன்றாவது தரப்பு தொழிலாளர். அதே ஆண்டு ஜூன் 22-ந் தேதி ஊழியர் சாசனம் வந்தது. வேலைப் பாதுகாப்பும் ஓய்வூதியமும் அதில் எழுதப்பட்டன. நிறுவனத்தின் விற்பனை வருவாயில் 1% ஊழியர் குடும்பங்களின் விடுமுறை இல்லங்களுக்கும் உணவுக்கூடங்களுக்கும் நலத்துக்கும் ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தைத் தொழிலாளரே நிர்வகித்தார்கள். 1951-ல் சர்க்கார் அந்த உரிமையைப் பறித்தது. போராடி 1964-ல் மீட்டார்கள்.

ஒரு கையில் ஏன் இருக்க வேண்டும்?

மின்சாரம் அரிசி மூட்டை அல்ல, கிடங்கில் அடுக்கி வைப்பதற்கு. பேரளவில் சேமித்து வைக்க முடியாத சரக்கு அது. நாடு முழுவதும் எரிகிற விளக்குக்கும் ஓடுகிற இயந்திரத்துக்கும் எவ்வளவு தேவையோ, அவ்வளவும் அந்த விநாடியிலேயே உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. விநாடிக்கு 50 சுற்று என்ற அதிர்வெண் நழுவினால் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும், நாடே இருளும்.

ஆகவே எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று வரிசை வகுக்கிறார்கள். ஓடுகிற ஆற்று நீருக்கு எரிபொருள் செலவில்லை, அது முதலில். அடுத்து அணு உலைகள். செலவு மிகுந்த நிலக்கரியும் எரிவாயுவும் கடைசியில். அணையில் தேங்கிய நீரை, மாலையில் எல்லாரும் ஒருங்கே விளக்கேற்றும் நேரத்துக்கென்று காத்து வைப்பார்கள். ஒரே கை ஆண்டால் இந்தக் கணக்கு நாட்டின் செலவைக் குறைக்கும் கணக்காக இருக்கும். ஆயிரம் கை ஆண்டால், அவரவர் இலாபத்துக்கான கணக்காக மாறும்.

கட்டணத்திலும் புது வழி கண்டார்கள். மார்செல் புவாத்தோ என்ற பொருளாதார அறிஞர் 1949-ல் சேர்ந்தவர். பிறகு நிறுவனத்தின் தலைமைக்கே உயர்ந்தவர். இன்னும் ஒரு யூனிட் கூடுதலாகத் தர என்ன செலவாகிறதோ, அதுவே விலையாக இருக்க வேண்டும் என்றார். இரவில் இயந்திரங்கள் சும்மா கிடக்கும்; விலை குறையட்டும். குளிர்கால மாலையில் நெருக்கடி, விலை ஏறட்டும். 1950-களில் தொழிற்சாலைகளுக்கு வந்த "பச்சைக் கட்டணம்" இந்தக் கொள்கையின் பிள்ளை. நேரத்துக்கு நேரம் விலை மாறினாலும் இடத்துக்கு இடம் மாறாது என்ற ஏற்பாடும் நிலைபெற்றது. சர்க்கார் விதிக்கும் கட்டணத்தில், பாரிசு மாளிகைக்கும் மலையுச்சிக் குடிசைக்கும், கடல் கடந்த ரெயூனியன் தீவுக்கும் ஒரே விலை.

1966-ல் ரான்சு ஆற்று முகத்துவாரத்தில் கடல் அலையேற்றத்திலிருந்து 240 மெகாவாட் எடுக்கும் நிலையம் வந்தது. எண்ணெய் விலை எகிறியபின் 1974-ல் பிரதமர் மெஸ்மேர் பெரும் அணுமின் திட்டத்தை அறிவித்தார். ஒரே மாதிரி உலைகளை வரிசையாகக் கட்டினார்கள். கடன் வாங்கிக் கட்டினார்கள். பின்னால் அரசு நின்றதால்தான் அவ்வளவு கடன் கிடைத்தது.

குறை இல்லையா? உண்டு. 1952-ல் தீஞ் அணைக்காக ஒரு மலைக்கிராமமே எதிர்த்து நின்றும் நீரில் மூழ்கடிக்கப்பட்டது. அணுசக்தி முடிவுகளை அதிகாரிகளும் பொறியாளர்களும் மூடிய அறையில் எடுத்தார்கள். மக்களைக் கேட்டவர் குறைவு. பொதுச் சொத்து என்ற பெயர் இருந்தால் மட்டும் பொதுமக்களின் குரல் தானாக நுழைந்துவிடாது.

கூறு போட்டார்கள்

1996-ல் ஐரோப்பிய ஒன்றியம் மின்சாரத்தில் போட்டி வேண்டும் என்று விதித்தது. 2000-ல் உயரழுத்தப் பாதைகளை நடத்தும் பிரிவு தனியாக்கப்பட்டது. 2004-ல் ஈ.டி.எப். பங்குக் கம்பெனி ஆக்கப்பட்டது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுமட்டுமா? கட்டணம் கட்ட முடியாமல் இருண்டு கிடந்த ஏழை வீடுகளுக்கு மறுபடி மின்சாரம் கொடுத்து, "எங்கள் போராட்டம் உங்களுக்கும்தான்" என்று காட்டினார்கள். 2007-ல் வீட்டு மின்சாரமும் சந்தைக்கு வந்தது. 2008-ல் ஊருக்குள் விநியோகிக்கும் பிரிவும் தனிக் கம்பெனி ஆயிற்று.

போட்டி போட வந்தவர்கள் நிலையம் கட்டினார்களா? பெரும்பாலோர் கட்டவில்லை. கட்டாதவர்களுக்கும் சரக்கு வேண்டுமே! 2010-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஈ.டி.எப். தன் அணு மின்சாரத்தில் ஆண்டுக்கு 10,000 கோடி யூனிட் வரை, ஏறக்குறைய கால் பங்கை, போட்டியாளர்களுக்கு விற்க வேண்டியிருந்தது. 2012 முதல் 2025 இறுதிவரை விலை ஆயிரம் யூனிட்டுக்கு 42 யூரோ. சந்தை விலை இறங்கினால் அவர்களால் சந்தையில் வாங்க முடிந்தது, ஏறினால் ஈ.டி.எப்.பிடம் வந்து நிற்க முடிந்தது. உழுதவன் ஒருவன், களத்துமேட்டில் படியளக்கச் சொன்னவன் வேறொருவன்!

2022

2021-ம் ஆண்டு இறுதியில் சில உலைகளின் குழாய்களில் விரிசல் தென்பட்டது. 2022 ஆகஸ்டில் 56 உலைகளில் 32 நின்றிருந்தன. 2021-ல் 36,100 கோடி யூனிட் தந்த அணு நிலையங்கள் 2022-ல் 27,900 கோடிதான் தந்தன. அதே வேளையில் உக்ரைன் போர்; எரிவாயு விலை வானத்தில். கடைசியாக ஓடும் நிலையத்தின் செலவே சந்தை விலையைத் தீர்மானிக்கும் என்பதால், எரிவாயு விலை எல்லா மின்சாரத்தையும் தூக்கிக்கொண்டு போயிற்று.

மக்களின் கட்டண உயர்வை 4 சதவீதத்தில் நிறுத்தியது சர்க்கார். நல்ல காரியந்தான். ஆனால் சுமை யார் தலையில்? அந்த ஆண்டு போட்டியாளர்களுக்கு மேலும் சுமார் 2,000 கோடி யூனிட் தரும்படி ஈ.டி.எப்.புக்குக் கட்டளை வந்தது. ஆயிரம் யூனிட் சுமார் 257 யூரோவுக்கு வாங்கி, 46 யூரோ 20 காசுக்கு விற்றது அந்த நிறுவனம்! ஆண்டு முடிவில் நஷ்டம் 1,790 கோடி யூரோ. கடன் 6,450 கோடி யூரோ. அதன்பிறகே முழு தேசவுடைமை.

இதற்கு முன்பே, "ஹெர்குல்" என்ற திட்டத்தால் நிறுவனத்தை மூன்றாகப் பிளந்து ஒரு துண்டின் பங்குகளை விற்கப் பார்த்தார்கள். தொழிற்சங்கங்கள் சேர்ந்து எதிர்த்தன. 2021-ல் அத்திட்டம் கிடப்பில் போடப்பட்டது. 2024 ஏப்ரல் 11-ந் தேதி, நிறுவனத்தைத் துண்டாடாமல் காக்கும் சட்டமே வந்துவிட்டது.

பாடம்

வெற்றி முழுமையானதா? அல்ல. 2023 செப்டம்பர் முதல் புதிதாகச் சேரும் ஊழியருக்குப் பழைய ஓய்வூதிய முறை இல்லை. 2012-ல் முடிய வேண்டிய பிளமான்வில் உலை 2024 டிசம்பரில்தான் மின்தொடரோடு இணைந்தது. செலவு பல மடங்கு. பங்குப் பத்திரம் சர்க்கார் பெட்டியில் இருப்பது முதல் படி மட்டுமே.

விலையை யார் நிர்ணயிக்கிறார்? நஷ்டம் வந்தால் யார் தலையில் விழுகிறது? நிர்வாக சபையில் உழைப்பவனுக்கும் விளக்கேற்றுகிறவனுக்கும் நாற்காலி உண்டா? "பொதுத்துறை" என்ற பெயர்ப் பலகையைப் பார்த்துத் திருப்தியடையாமல், இந்த மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். 1946-ல் அந்த மின்சாரத் தொழிலாளி மூன்றுக்கும் விடை எழுதிவைத்தார். அந்த விடைகளை ஒவ்வொன்றாக அழித்தவர்கள் கடைசியில் 970 கோடி யூரோ கொடுத்து முதல் பக்கத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். மற்றப் பக்கங்களை மீட்பது தொழிலாளர் கையில் இருக்கிறது.