அந்நியர் பிடியில் ஒரு சுரங்கம்

அறிவியல் புனைகதை எழுத விரும்பும் மாணவர்கள் அடிக்கடி கையாளும் கரு ஒன்று உண்டு. வேற்றுக்கோளிலிருந்து அந்நியர் வருகின்றனர். பூமியில் ஒரு சுரங்கத்தைக் கைப்பற்றுகின்றனர். மனிதர்களை அதில் அடிமைகளாக இறக்கி வேலை வாங்குகின்றனர். 1964-ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்னும் தொடரில் இப்படி ஒரு கதை வந்தது. டேலெக்குகள் என்னும் இயந்திர உறை பூண்ட உயிரினங்கள் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுஷயரில் ஒரு பெருஞ்சுரங்கத்தைத் தோண்டுகின்றன. பூமியின் உள்ளகத்தையே வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் எந்திரத்தைப் பொருத்தி, பூமியை விண்கலம்போல் ஓட்டிச் செல்வது அவற்றின் திட்டம்! அகப்பட்ட மனிதர்கள் சிலரின் தலையில் கவசம் மாட்டி, வானொலிக் கட்டளைகளால் ஆட்டிவைத்து, மற்றவர்களை மேய்க்கும் கங்காணிகளாக வைத்திருந்தன.

கதை சுவையானதுதான். ஆனால் சுரங்கம் என்பது எத்தகைய இடம் என்பதைச் சிறிதும் எண்ணாமல் எழுதப்பட்டது. உண்மையான சுரங்கம் ஒன்றை வைத்துக்கொண்டு இதே கதையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சேலத்துக்கு அருகிலுள்ள வெள்ளைக்கல் சுரங்கங்கள் நமக்குப் பழக்கமானவையே. ஆனால் அவை மேலே வானம் தெரியும் திறந்த குழிகள். நம் கதைக்கு ஆழம் வேண்டும். ஆகவே கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். தமிழர்க்கு அது அயலூர் அன்று. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்று அங்கே உழைத்தவர்கள் நம்மவர்களே.

அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. முதலில் டேலெக்குகளின் திட்டத்தை இதனோடு ஒப்பிடுவோம். பூமியின் உள்ளகம் தொடங்குவது சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரம் வரையுள்ள தொலைவு அவ்வளவு இருக்கும். மனிதன் பல தலைமுறை பாடுபட்டுத் தோண்டிய கோலார்ச் சுரங்கமோ, எங்கள் குமாரபாளையத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போகும் தொலைவுதான்! காஷ்மீரத்துக்குப் புறப்பட்டவன் பவானியில் நின்றுவிட்ட கதை. மேலும், உள்ளகம் பூமியின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதை எடுத்துவிட்டால் பூமியின் ஈர்ப்பு அந்த அளவுக்குக் குறையும். உருகிய இரும்பின் ஓட்டத்தால் உண்டாகும் காந்தப்புலமும் மறையும். அந்த எந்திரத்தை ஓட்டப் பூமி என்று ஒன்று உருப்படியாக இருக்குமா என்பதே ஐயம்.

சரி, உள்ளகம் வேண்டாம். சுரங்கத்தை மட்டும் பிடிக்கட்டும். அந்நியர் அங்கே என்ன காண்பர்?

முதலில் வெப்பம். கீழே போகப் போகப் பாறையின் வெப்பநிலை கூடுகிறது. கோலார்ப் பாறைகள் மிகப் பழமையானவை. அங்கே இந்த ஏற்றம் உலகின் பல இடங்களைவிடக் குறைவு. அப்படியிருந்தும் அடித்தளத்தில் பாறை 65 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சுட்டது. இதோடு முடிந்ததா? இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அமுக்கப்படும் காற்று சூடாகும். சுரங்கத்தில் இறங்கும் காற்றும் தன் மேலுள்ள காற்றின் எடையால் அமுக்கப்படுகிறது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடேறும். ஆகவே மேலே குளுகுளுவென்று உள்ளே புகும் காற்று, 3 கிலோமீட்டர் கீழே போய்ச் சேரும்போது, பாறையைத் தொடாமலே சித்திரை வெயிலைத் தோற்கடிக்கும் சூட்டை அடைந்துவிடும். துளையிடும்போது தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த ஈரம் ஆவியாகிக் காற்றின் சூட்டை ஓரளவு தணிக்கும். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் உடம்பின் வியர்வை ஆவியாக வழியில்லை. வியர்வை வழிகிறதே ஒழிய உடம்பு குளிர்வதில்லை. அதனால்தான் ராட்சத விசிறிகளும் குளிர்பதன ஆலைகளும் அங்கே தேவைப்பட்டன.

தண்ணீரைப் பற்றிச் சொன்னதால் தூசியைப் பற்றியும் ஒரு சொல். கோலாரில் தங்கம் இருப்பது குவார்ட்சு என்னும் பளிங்குக் கல்லில். அதை உடைக்கும்போது எழும் நுண்ணிய சிலிகாத் தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. நாளடைவில் நுரையீரல் இறுகி மூச்சு முட்டும். சிலிகோசிஸ் எனப்படும் இந்நோய்க்கு இன்றளவும் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அடிமைச் சுரங்கக் கதைகளில் சாட்டையும் துப்பாக்கியும் தவறாமல் வருகின்றன. இந்தத் தூசி மட்டும் வருவதே இல்லை. உண்மையான சுரங்கங்களில் அதிகம் பேரை வாட்டியது தூசிதான்.

அடுத்து அழுத்தம். 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறைச் சுமை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 900 கிலோகிராம் எடையாக அழுத்துகிறது. சுரங்கப் பாதையைக் குடைந்தவுடன் அந்த இடத்துப் பாறை தாங்கிய சுமை சுவர்களின்மேல் ஏறிக்கொள்கிறது. கடினமான பாறை வளைந்து கொடுப்பதில்லை. தாங்கும் மட்டும் தாங்கிவிட்டு, வெடிபோல் சிதறும். கோலாரில் இத்தகைய பாறை வெடிப்புகள் பலரைப் பலிகொண்டன. பெரிய வெடிப்பு நேர்ந்தால் மேலே ஊரில் நிலநடுக்கம்போல் வீடுகள் அதிரும். பாறை உடையும் முன் 'சட் சட்' என்று சிறு ஒலிகள் கேட்பதுண்டு. அனுபவமுள்ள தொழிலாளியின் காது அதை அறியும். பிற்காலத்தில் கருவிகளும் அவ்வதிர்வுகளைப் பதிவு செய்தன. விண்வெளியைக் கடந்து வந்த அந்நியர்க்கு அந்தக் காது இருக்குமா? இங்கே உங்கள் கதாநாயகனுக்கு ஓர் ஆயுதம் கிடைத்துவிட்டது.

இப்போது ஆக்கிரமிப்புக்கு வருவோம். அந்நியர் கீழே இறங்க வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. மேலே மூன்று இடங்களில் காவல் போட்டால் போதும்: விசிறி, கூண்டை ஏற்றி இறக்கும் எந்திரம், மின்சாரம் வரும் இடம். கீழே இருக்கும் ஆயிரம் பேரின் உயிரும் அந்த மூன்று விசைகளில் அடங்கியிருக்கிறது.

ஏணி வழியே ஏறித் தப்பலாகாதா என்று கேட்பீர்கள். தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 2,637 மீட்டர். அதைவிட அதிக உயரத்தைச் செங்குத்தாக, இருட்டில், புழுக்கத்தில் ஏறவேண்டும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 3.2 கிலோமீட்டர் ஏறச் செய்யவேண்டிய வேலை சுமார் 19 இலட்சம் ஜூல். அதாவது 450 கிலோகலோரி. நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. ஆக 1,800 கிலோகலோரி வேண்டும். நாள் முழுதும் உண்ட சோறு ஏணிக்கே சரியாய்ப் போய்விடும். பசித்த அடிமைகளால் ஆகக்கூடிய செயலன்று.

கூண்டும் ஒரே வீச்சில் மேலே வந்துவிடாது. எஃகுக் கயிறு எவ்வளவு உறுதியானதாயினும், 20 கிலோமீட்டர் நீளத்துக்கு மேல் தொங்கவிட்டால் தன் எடையாலேயே அறுந்துபோகும். கூண்டின் எடை, ஆட்களின் எடை, பாதுகாப்புக்காகப் பல மடங்கு உறுதி ஆகிய அனைத்தையும் கணக்கிட்டால் மிஞ்சுவது சில கிலோமீட்டரே. எனவே மிக ஆழமான சுரங்கங்களில் ஒரு குழியில் இறங்கி, கீழே நடந்து, மற்றொரு குழியில் மீண்டும் இறங்குவார்கள். காவலுக்கு இடையிலும் ஒரு முனை வேண்டும் என்பதைக் கதாசிரியர்கள் குறித்துக்கொள்க.

டேலெக்குகளின் வானொலிக் கவசமோ, இங்கே அறவே பயன்படாது. வானொலி அலைகள் பாறைக்குள் சில மீட்டரிலேயே தேய்ந்து மறைந்துவிடும். ஆழ்சுரங்கத்தில் பேசுவதற்கு இன்றும் கம்பி இழுக்கிறார்கள். பெட்ஃபோர்டுஷயரில் மேலிருந்து கட்டளை போயிருந்தால், கீழே அந்தக் கங்காணிகள் பத்தடி நடந்ததும் கட்டளை கேட்காமல் திகைத்து நின்றிருப்பார்கள்.

விசிறியை நிறுத்தினால் காற்று முழுவதும் நின்றுவிடுமா? அதுவும் இல்லை. இரண்டு குழிகள் இருந்து, ஒன்றில் உள்ள காற்று மற்றதைவிடச் சூடாக இருந்தால், சூடான காற்று இலேசானதால் மேலே ஏறும்; குளிர்ந்த காற்று அடுத்த குழி வழியே இறங்கும். அடுப்படிப் புகைக்கூண்டின் தத்துவமே இது. சுரங்கம் தானாகவும் சிறிது மூச்சு விடுகிறது. ஆனால் குழியோரம் இருப்பவர்களுக்கே அது உதவும். முட்டுச்சந்தாக முடியும் பாதைகளின் கோடியில் இருப்பவர்களை அது எட்டாது.

மின்சாரத்தின் கதை இன்னும் சுவையானது. 1902-ஆம் ஆண்டு காவிரியில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்துக் கோலாருக்குக் கொண்டு வந்தார்கள். அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. எங்கள் ஊர்ப் படித்துறையைத் தொட்டுக்கொண்டு ஓடும் இதே காவிரி! அந்நியரை எதிர்ப்பவர்கள் இந்தக் கம்பியில் எங்காவது ஓரிடத்தைத் துண்டித்தால் சுரங்கம் நின்றுவிடும். ஆனால் முதலில் திணறப்போவது யார்? கீழே இருக்கும் நம் ஆட்கள்தான். துண்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவன் மேலே பாதுகாப்பாக நிற்கிறான்; அவனுடைய தம்பி கீழே இருக்கிறான். கதை எழுத இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

'அந்நியர்' என்னும் சொல்லை நம் பாட்டன்மார் வேற்றுக்கோளாருக்குப் பயன்படுத்தவில்லை என்பதையும் நினைவூட்ட வேண்டும். கோலாரில் 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இங்கிலாந்துக் கம்பெனி கால் வைத்தது. தங்கம் கடல் கடந்து போயிற்று. பங்குதாரர்கள் இலண்டனில் இருந்தனர். கீழே இறங்கியவர்கள் பெரும்பாலும் தமிழர். அவர்களும் வாய்மூடிக் கிடக்கவில்லை. 1930-ஆம் ஆண்டு தங்கள் கைரேகையைப் பதிவு செய்யவேண்டும் என்ற விதி வந்தபோது, குற்றவாளிகளைப்போல் எங்களை நடத்துவதா என்று வேலைநிறுத்தம் செய்தனர். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் கைக்கு வந்தன. ஏறத்தாழ 800 டன் தங்கம் அங்கிருந்து எடுக்கப்பட்டதாகக் கணக்கு.

இவ்வளவு தொல்லைப்பட்டு அந்நியர் சுரங்கத்தை ஏன் பிடிக்க வேண்டும்? தங்கத்துக்காக என்றால் நம்பமாட்டேன். ஒரு டன் கல்லை உடைத்தால் சில கிராம் தங்கம் கிடைக்கும். விண்வெளியில் உலோகக் கோளத்துண்டுகள் எத்தனையோ மிதக்கின்றன. ஆழ்சுரங்கத்தில் கிடைக்கும் அரிய பொருள் வேறொன்று உண்டு. அதுதான் அமைதி.

விண்ணிலிருந்து அண்டக் கதிர்கள் ஓயாமல் பொழிகின்றன. அவை வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் மியூவான்கள் என்னும் துகள்கள், நீங்கள் விரித்து வைத்திருக்கும் உள்ளங்கையின் வழியே நிமிடத்துக்கு நூறு போல் ஊடுருவிச் செல்கின்றன. பாறைக்குள் இறங்க இறங்க இவை குறையும். 1960-களின் தொடக்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் கோலாரில் பல ஆழங்களில் இவற்றை எண்ணினர். மிக ஆழமான ஓரிடத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. வெறுங்கையோடு திரும்பியதாக அவர்கள் வருந்தவில்லை. இத்தனை அமைதியான இடத்தில் ஏதேனும் பதிவானால், அது பாறையைப் பொருட்படுத்தாத நியூட்ரினோவின் வேலையாகத்தான் இருக்கும் என்று கண்டுகொண்டனர். நியூட்ரினோ மின்னூட்டம் அற்றது. பூமியையே துளைத்துச் செல்வது. கோடானுகோடியில் ஒன்று எப்போதாவது ஓர் அணுவோடு மோதும்.

டாட்டா நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை கூடி 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் முதலியோர் இதில் ஈடுபட்டனர். 1965-ஆம் ஆண்டு, வளிமண்டலத்தில் தோன்றிய நியூட்ரினோவின் தடயம் அங்கே கிடைத்தது. அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பிரெடெரிக் ரைன்ஸ் குழுவினர் அதைக் கண்டனர். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் டேலெக்குகள் சுரங்கத்தைத் தோண்டி முடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன! 1980-களில் புரோட்டான் சிதைகிறதா என்று அறிய 140 டன் எடையுள்ள கருவி ஒன்றும் கோலாரின் ஆழத்தில் காத்திருந்தது. ஐயத்துக்கிடமின்றி எதுவும் அகப்படவில்லை. உலகில் வேறெங்கும் இன்றுவரை அகப்படவில்லை.

உங்கள் கதையின் அந்நியர் இத்தகைய அமைதியைத் தேடி வந்த ஆராய்ச்சியாளராக இருக்கக்கூடாதா?

ஆனால் இன்று வந்தால் அவர்கள் உடனே குடியேற முடியாது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் ஊற்று நீர் ஏறத் தொடங்கி ஆழங்களை நிரப்பிவிட்டது. ஒரு லிட்டர் நீரை 3.2 கிலோமீட்டர் தூக்க 31,000 ஜூலுக்கு மேல் ஆற்றல் வேண்டும். 15 லிட்டர் குடம் என்று வைத்துக்கொண்டால், பம்பில் சிறிதும் வீணாகாத நிலையில்கூட, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அடியிலிருந்து ஏறி வருவது ஏழரைக் குடம் தண்ணீர்தான்.