நெருப்பு எங்கே மூச்சு வாங்குகிறது?

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகிறவர்கள், வழியில் எங்காவது கரிமூட்டம் புகைவதைப் பார்த்திருப்பார்கள். சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, இலைதழை பரப்பி, மண்ணால் மூடி, சில துளைகளை மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். முதலில் அடர்ந்த வெள்ளைப் புகை வரும். அது விறகின் ஈரம். புகை மெலிந்து நீலம் பாரித்தால் கரி விளைந்துவிட்டது என்று பொருள். உடனே துளைகளை அடைத்துவிடுவார்கள். சூடு ஆறுமுன் அவசரப்பட்டு மூட்டத்தைப் பிரித்தால், காற்றுப் பட்டுக் கங்கு சிவந்து, பல நாள் உழைப்பு சாம்பலாகிவிடும்.

கரி போடுகிறவருக்குத் தெரிந்த இந்தச் சங்கதிதான் தீயணைப்பு அறிவியலின் அடிப்படைப் பாடம். மூடிக் கிடக்கும் நெருப்பு சாகவில்லை, காற்றுக்குக் காத்திருக்கிறது.

புகையைக் கழிவு என்றே நினைக்கிறோம். உண்மையில் அது எரிந்து முடியாத வாயுக்களும் கரித்துகளும் கலந்த எரிபொருள். அறையில் தீப்பிடித்ததும் அது மேலேறிக் கூரையடியில் தேங்குகிறது. அங்கே வெப்பம் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது, அறையில் உள்ள பொருள்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன. இது ‘ஃபிளாஷ் ஓவர்’. கவச உடை போட்டவரும் இதில் தப்புவது அரிது.

காற்று போதாத அறையில் நடப்பது வேறு. தீ அடங்கினாற்போல் இருக்கும். சூடான வாயு மட்டும் நிறைந்து நிற்கும். கதவைத் திறந்தால் புதுக்காற்று தரையோடு உள்ளே பாய, அறையே வெடித்ததுபோல் தீ வெளியே சீறும். இது ‘பேக் டிராஃப்ட்’. கதவிடுக்கில் புகை விட்டுவிட்டு ஊதுவது, உள்ளுக்கு இழுத்துக்கொள்வது, சன்னல் கண்ணாடியில் கருப்பு எண்ணெய்போலப் படிவது ஆகியவை அதன் முன்னறிகுறிகள்.

அறை முழுதாகப் பற்றுவதற்கான அவகாசமும் இப்போது சுருங்கிவிட்டது. அமெரிக்காவின் யூ.எல். ஆய்வகத்தார் ஒரே அளவுள்ள இரண்டு அறைகளைக் கொளுத்திப் பார்த்தார்கள். மரமும் பருத்தியும் நிறைந்த பழங்கால அறை முழுதாகப் பற்ற அரைமணி நேரத்தை நெருங்கியது. ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இக்கால அறைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 2012-ல் நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில், கைவிடப்பட்ட வீடுகளை எரித்து நடத்திய சோதனைகள் இன்னொன்றைக் காட்டின. தண்ணீர் தயாராகுமுன் கதவைத் திறப்பது தீக்குச் சோறு போடுவதாகும். வெளியே நின்றபடி சன்னல் வழியாகச் சிறிது நேரம் தண்ணீர் அடித்தால், உள்ளே போகுமுன்பே அறை குளிர்ந்துவிடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 லிட்டராக விரிந்து வெப்பத்தை வாரிக்கொள்கிறது.

களத்தில் முடிவெடுப்பது எப்படி? அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் 1980-களில் தீயணைப்புக் குழுத் தலைவர்களை ஆராய்ந்தார். சில வழிகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்வார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். அவர்களோ, பார்த்த மாத்திரத்தில் ‘இது இந்த மாதிரித் தீ’ என்று இனம்கண்டு இறங்கிவிடுகிறார்கள். அவர் பதிவுசெய்த ஒரு சம்பவம்: வீட்டின் பின்புறச் சமையலறையில் தீ. தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. நின்றிருந்த கூடம் அளவுக்கு மீறிச் சுட்டது. ஆனால் அந்தச் சூட்டுக்கேற்ற சத்தம் இல்லை. ஏதோ சரியில்லை என்று தலைவர் எல்லோரையும் வெளியேற்றினார். சற்று நேரத்தில் கூடத்தின் தரை இடிந்து விழுந்தது. தீ அடித்தளத்தில், அவர்கள் காலுக்கடியில் எரிந்துகொண்டிருந்தது.

அந்த உள்ளுணர்வு வானத்திலிருந்து வருவதில்லை; பல தீகளைப் பார்த்த கண்ணுக்கே வாய்க்கும். எல்லா வகைத் தீயையும் ஒருவர் பணிக்காலத்தில் பார்த்துவிட முடியாது. அந்தக் குறையை இட்டு நிரப்புவதுதான் பயிற்சி. 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில், இரவில் பூட்டியிருந்த பேக்கரியில் தீயணைக்கப் போன இடத்தில் சிலிண்டர் வெடித்தது; ஒரு தீயணைப்பு வீரர் பலியானார், வேடிக்கை பார்க்க நின்றவர்கள் பலர் கருகினர். 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் அருகே, எரிந்த ஜவுளிக்கடையின் பழைய கட்டடம் சரிந்து இரு வீரர்கள் இறந்தனர். தீயோடு கட்டடத்தையும் கூட்டத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டியிருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்துக்கு இன்னொரு பாடமும் உண்டு. பட்டாசு மருந்திலும் பாறை உடைக்கும் வெடியிலும் ஆக்சிஜன் உள்ளேயே இருக்கிறது. பொட்டாசியம் நைட்ரேட் போன்ற உப்புகள் அதைக் கட்டிவைத்திருக்கின்றன. மண்ணைப் போட்டு மூடினாலும் அது வெளிக்காற்றை எதிர்பார்க்காது. அலுமினியப் பொடி எரியும்போது தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி நிலைமை மோசமாகும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தவர்கள். 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே கல்குவாரி வெடிபொருள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் மாண்டபோது, அந்த ஆபத்து அவ்வூர் வாசலுக்கே வந்தது. இத்தகைய இடத்தில் சரியான முடிவு பெரும்பாலும் தள்ளி நிற்பதுதான்.

காற்றுக்குக் காத்திருக்கும் நெருப்பும் காற்றே தேவைப்படாத நெருப்பும் ஒரே கப்பலில் சேர்ந்த நாள் 1944 ஏப்ரல் 14. பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பலின் அடித்தட்டில் பஞ்சுப் பொதி கனன்றது. அதே கப்பலில் வெடிபொருளும் இருந்தது. மேல்தளத்தில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோதே கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்நாளில்தான் நம் தீயணைப்பு நிலையங்களில் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அஞ்சலியில் நாமும் பங்கெடுக்கலாம். தீப்பிடித்த அறையிலிருந்து வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு வரலாம். 101-ஐ அழைக்கும்போது ஊர் பேரோடு நிறுத்தாமல், உள்ளே என்ன இருக்கிறது, சிலிண்டரா, பட்டாசு மருந்தா, வைக்கோலா என்பதையும் சொல்லலாம். வண்டி கிளம்புமுன்பே, எந்த நெருப்பைச் சந்திக்கப் போகிறோம் என்று அவர்கள் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.