கருமணலா, பரம்பரையா?

களியக்காவிளை தாண்டி விழிஞ்ஞத்துக்குப் பிழைக்க வந்த தமிழர்களுக்குப் பக்கத்துக் கோவளத்தின் கருமணல் புதிதல்ல. நம் மணவாளக்குறிச்சியிலும் அது உண்டு. இந்தக் கரையோர மணலில் மோனசைட் கலந்திருப்பதால் கதிர்வீச்சு வருகிறது. எனவே யாருக்காவது ரத்தப் புற்றுநோய் என்றால், "எல்லாம் மணலால் வந்த வினை" என்று சொல்லிவிடுவோர் உண்டு.

விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மோனசைட் மிகுந்த இடம் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளி. அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தனர். 2009-ல் முடிவு வெளியாயிற்று. ரத்தப் புற்று கண்டவர்கள் 30 பேர். கதிர்வீச்சு கூடக்கூட நோயும் கூடியதாகத் தெரியவில்லை.

இனத்துக்கு ஒரு வகை

அப்படியானால் வேறுபாடு எதில்? ரத்தப் புற்று ஒரே நோயல்ல; பல நோய்களின் கூட்டம். வெள்ளையரிடையே முதியவர்களுக்கு அதிகம் வருவது லிம்போசைட் அணுக்களில் மெதுவாக வளரும் வகை. இந்தியரிடமும் ஜப்பானியரிடமும் அது அபூர்வம். அமெரிக்காவில் குடியேறிய ஆசியரிடமும், அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளிடமும்கூட அது குறைவே. ஊர் மாறினாலும் பரம்பரை மாறுவதில்லை!

ஆனால் எல்லாம் பரம்பரை என்றும் சொல்வதற்கில்லை. சிறுவர்களுக்குத் திடீரென வரும் வகையில் 'டி' செல் ரகத்தின் பங்கு மேல்நாடுகளைவிட இந்தியாவில் அதிகம். சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கண்ட கணக்கில் அந்தப் பங்கு வரவரக் குறைந்தது. வாழ்க்கை வசதி மாறியது காரணமாகலாம் என்று கருதுகின்றனர்.

உழைக்கும் வயதில்

நம்மவர் கவனிக்க வேண்டியது மைலாய்டு என்ற நாள்பட்ட வகை. மேல்நாடுகளில் இது பெரும்பாலும் அறுபதை ஒட்டியவர்களுக்கு வருகிறது. இந்தியாவிலோ முப்பது, நாற்பது வயதில், குடும்பம் காப்பாற்றும் காலத்தில் வருகிறது. நம் ஜனத்தொகையில் இளைஞர் அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

9, 22 என்ற இரு குரோமோசோம்கள் ஒடிந்து துண்டு மாறிக்கொள்வதே இதன் மூலம். அந்தக் கோளாறு 1960-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. இது பெற்றோர் வழி வருவதல்ல; தொற்றுவதும் அல்ல. 2001-ல் இமாடினிப் மாத்திரை வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி மருந்துக்கு அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆயிற்று. இந்தியக் கம்பெனிகள் தந்தது சுமார் 10,000 ரூபாய்க்குள். பேடண்ட் கேட்ட கம்பெனியின் மனுவை 2013-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளியது. ஏழைக்கும் மாத்திரை எட்டும் வழி நிலைத்தது.

தினமும் விடாமல் சாப்பிட்டால் நோய் அடங்கி, பெரும்பாலோர் வேலைக்குப் போய் வருகிறார்கள். உடம்பு தேறிவிட்டது என்றோ, ஊருக்குப் போனபோது மாத்திரை தீர்ந்தது என்றோ தாமாக நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். பிறகு அதே மாத்திரைக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

காரணமில்லாத களைப்பு, எடை குறைதல், இடது விலாவின் கீழ் கனம், இரவில் வியர்வை – இவை நீடித்தால் சாதாரண ரத்தப் பரிசோதனையே முதல் தடயம் தரும். உறுதிசெய்து சிகிச்சை தர 1981-ல் தொடங்கிய ஆர்.சி.சி. திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. குமரி, நெல்லை மாவட்டத்தாரும் நாடி வரும் இடம் அது. விழிஞ்ஞத்தில் இருப்பவருக்கு ஊர்ப் பயணம்கூட வேண்டாம். மணலைப் பழிப்பதை விட்டு, ரத்தத்தைப் பரிசோதிப்பதே புத்திசாலித்தனம்.