க்ளிப் போட்டா குறட்டை நிக்குமா?

உங்க வீட்ல எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருக்காங்களா? இன்னிக்கு ராத்திரி அவங்க தூங்கினதும் அஞ்சு நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. வாய் திறந்திருக்கா? குறட்டை வருதா? அந்தக் குறட்டை திடீர்னு நின்னு, சில விநாடி சத்தமே இல்லாம, அப்புறம் திணறி மூச்சு இழுக்கறாங்களா?

காலையில அம்மா, ‘ராத்திரி பூரா தூங்கிட்டு கிளாஸ்லயும் தூங்கறியாமே!’னு திட்டுவாங்க. பாவம், ராத்திரி பூரா படுத்திருந்தது நிஜம். தூங்கினாங்களாங்கறதுதான் சந்தேகம்!

இப்படிப்பட்ட பசங்கள்ல சிலருக்குக் கீழ்த்தாடை சின்னதா, உள்ளே தள்ளி இருக்கும். மேல் முன்பல் எத்திக்கிட்டு நிற்கும். பல்லைக் காட்டப் போனா, தாடையையே முன்னால கொண்டு வர்ற ஒரு கருவியை டாக்டர் மாட்டிவிடுவார். ‘அதைப் போட்டா மூச்சுப் பாதையும் பெரிசாகும், குறட்டையும் போயிடும்’னு ஒரு பேச்சு இருக்கு. நிஜமா? பாதி நிஜம். மீதிப் பாதியைத்தான் நாம தெரிஞ்சுக்கணும்.

தாடைக்கும் தொண்டைக்கும் என்ன உறவு?

நாக்கோட முக்கியமான தசை ஒண்ணு, கீழ்த்தாடை எலும்போட உள்பக்கத்துல ஒட்டியிருக்கு. தாடை பின்னால இருந்தா, நாக்கும் பின்னால. நாக்குக்குப் பின்னால தொண்டை. தூக்கத்துல தசைகள் தளரும்போது அந்த வழி இன்னும் குறுகும். சிலருக்கு அடைச்சே போகும். அதுதான் ஸ்லீப் ஆப்னியா.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல பாய்சூல் விதி படிச்ச மக்களே, ஞாபகம் இருக்கா? குழாயோட ஆரம் 10 சதவிகிதம் கூடினா ஓட்டம் 46 சதவிகிதம் கூடும். ஆரத்தோட நாலாவது அடுக்கு விளையாடற விளையாட்டு அது! ஆனா தொண்டை ஒண்ணும் பி.வி.சி. பைப் இல்லை. மெத்துன்னு அமுங்கற குழாய். அதனால கணக்கு அப்படியே பொருந்தாது. ‘கொஞ்சம் விரிஞ்சாலே போதுமே’ங்கற ஆசை எங்கிருந்து வருதுன்னு மட்டும் இதுல புரிஞ்சுக்கலாம்.

ரெண்டு முறை பிறந்த ஐடியா

தாடையை முன்னால இழுக்கற யோசனைக்கு வயசு நூறுக்கு மேல. பிரான்ஸ் டாக்டர் பியர் ரோபின், ‘மோனோபிளாக்’னு ஒரு கருவியைப் பத்தி 1902-ல் எழுதினார். 1923-ல், சின்னத் தாடையோட பிறக்கற குழந்தைகளுக்கு நாக்கு பின்னால விழுந்து மூச்சை அடைக்கறதை விவரிச்சார். அந்தப் பிரச்னை இன்னிக்கும் அவர் பேர்லதான் இருக்கு. அவருக்குக் கவலை மூச்சு.

ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் கிளார்க்குக்குக் கவலை பல். 1977-ல் சக பல் டாக்டர் ஒருத்தரோட பையன் கீழே விழுந்து, மேல் முன்பல் முழுசா கழண்டு வந்துடுச்சு. பல்லைத் திரும்ப நட்டாச்சு. ஆனா கீழ் உதடு முன்பல்லுக்குப் பின்னால மாட்டி, அதைத் தள்ளிக்கிட்டே இருந்தது. அதைத் தடுக்கப் பிறந்ததுதான் ‘ட்வின் பிளாக்’. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. வாயை மூடினா ரெண்டும் சரிவுல உரசி, கீழ்த்தாடை முன்னால வந்தே ஆகணும். அந்தச் சரிவு இப்போ பொதுவா 70 டிகிரி. நம்ம வொர்க்‌ஷாப் சமாச்சாரம்தான்!

எடுபடுதா?

எத்தின பல் உள்ளே போகுது. அதுல சந்தேகமே இல்லை. பிரிட்டன்ல 174 குழந்தைகளை வெச்சு நடந்த ட்வின் பிளாக் ஆய்வு 2003-ல் வெளிவந்தது. பெரும்பாலும் நகர்ந்தது பல்தான், எலும்புல வந்த மாற்றம் சின்னதுன்னு அது சொல்லிச்சு.

மூச்சுப் பாதை? கருவி போட்ட பிறகு நாக்குக்குப் பின்னால இடம் கூடியிருக்குன்னு பல ஆய்வுகள் காட்டுது. இங்கேதான் உஷாரா இருக்கணும். 12 வயசுல ஒரு எக்ஸ்ரே, 14 வயசுல ஒரு எக்ஸ்ரே எடுத்தா, கருவியே போடாத பையனுக்கும் தொண்டை பெரிசாகித்தான் இருக்கும். அவன்தான் வளர்ந்துட்டானே! தவிர, தலை கொஞ்சம் சாய்ஞ்சாலோ, எச்சில் விழுங்கினாலோ படத்துல அளவு மாறும். எல்லாத்துக்கும் மேல, படம் எடுக்கறது முழிச்சிருக்கும்போது. மூச்சு அடைக்கறது தூங்கும்போது!

தானா சரியாகறதும் உண்டு. அமெரிக்காவுல 5 முதல் 9 வயசு வரைக்குமான 464 குழந்தைகள்கிட்ட நடந்த ஆய்வு 2013-ல் வந்தது. டான்சில், அடினாய்டு ஆபரேஷன் செஞ்சவங்கள்ல 79 சதவிகிதத்துக்கு ஏழு மாசத்துல ஸ்லீப் டெஸ்ட் நார்மல். ஆபரேஷன் செய்யாம காத்திருந்தவங்கள்லயும் 46 சதவிகிதத்துக்கு நார்மல்! அந்தக் காத்திருந்த குழந்தைகளுக்கு யாராவது ஒரு க்ளிப் மாட்டியிருந்தா, பேரெல்லாம் க்ளிப்புக்குத்தான் போயிருக்கும், இல்லையா?

அதுக்காகக் கருவியை ஒதுக்கிடவும் வேண்டாம். தாடை நிஜமாவே பின்னால இருந்து, ஸ்லீப் ஆப்னியாவும் இருக்கற பசங்களுக்கு, மூச்சு அடைக்கறது கருவியால குறைஞ்சதா சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்லுது. ஆனா அது பல வருஷம் நிலைக்கும்னு காட்ட ஆதாரம் போதலை. 2019-ல் அமெரிக்க பல் சீரமைப்பு டாக்டர்கள் சங்கமும், எக்ஸ்ரேவை வெச்சு ஸ்லீப் ஆப்னியான்னு முடிவு செய்யக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதைச் சொல்ல வேண்டியது ஸ்லீப் டெஸ்ட்.

சரி, நம்ம கதை?

க்ளிப்புக்காக நாலு பல் பிடுங்கினவங்க நம்ம கிளாஸ்லயே இருப்பாங்க. ‘அதனால தொண்டை சுருங்கிடும்’னு பயமுறுத்தினா நடுங்க வேண்டாம். 5,584 பேரோட மருத்துவப் பதிவுகளைப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2015-ல் வந்தது. ஸ்லீப் ஆப்னியா இருந்தது, கடைவாய்க்கு முன்பல் இல்லாதவங்கள்ல 9.6 சதவிகிதம், இருந்தவங்கள்ல 10.7 சதவிகிதம். பல் பிடுங்கினது காரணம்னு சொல்ல இடமே இல்லை.

ட்வின் பிளாக் மாதிரி கருவி வேலை செய்யறது எலும்பு வளர்ற வேகத்தை நம்பி. நம்ம வயசுல அந்த பஸ் போயாச்சு. இனிமே தாடையை நகர்த்தணும்னா ஆபரேஷன்தான். ஆனா வீட்ல இருக்கற குட்டிக்கு பஸ் இன்னும் ஸ்டாப்லதான் நிக்குது.

இதை மட்டும் செய்யுங்க

* குறட்டை விடும்போது செல்போன்ல ரெண்டு நிமிஷம் வீடியோ எடுங்க. டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

* முதல்ல காது-மூக்கு-தொண்டை டாக்டர். டான்சில், அடினாய்டு வீக்கம் இருக்கான்னு பார்க்கட்டும். தேவைன்னா ஸ்லீப் டெஸ்ட்.

* பல்லும் தாடையும் சரியில்லைன்னா பல் சீரமைப்பு டாக்டர். அரசு பல் மருத்துவக் கல்லூரிகள்லயும் இதுக்குத் தனிப் பிரிவு இருக்கு.

* ‘இதைப் போட்டா குறட்டை நிச்சயம் போயிடும்’னு யாராவது சொன்னா, ‘போட்ட பிறகு ஸ்லீப் டெஸ்ட் எடுத்துப் பார்ப்பீங்களா?’னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

பல்லுக்குக் க்ளிப், தூக்கத்துக்கு டெஸ்ட். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. தூங்குமூஞ்சின்னு பட்டப்பேர் வெச்சுக் கலாய்ச்சது நாமதானே... அந்த அஞ்சு நிமிஷம் உட்கார வேண்டியதும் நாமதான்!