காய்ச்சலே இல்லாதவருக்கு எதற்கு மலேரியா மாத்திரை, தெரியுமா?

பசிபிக் பெருங்கடலில், வனுவாட்டு நாட்டின் தென்கோடியில் அனைட்டியம் என்றொரு தீவு. 1991-இல் அங்கே வாழ்ந்தவர்கள் 718 பேர். காய்ச்சல் உண்டா இல்லையா என்று பார்க்காமல் தீவு முழுவதற்கும் வாரம் ஒருமுறை மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பதே வாரம்! கூடவே வீடுவீடாகக் கொசு வலை. உயிரைப் பறிக்கும் மலேரியாவான ஃபால்சிபாரம் தீவை விட்டே போய்விட்டது! ஜப்பானிய ஆய்வாளர் அகிரா கனெக்கோவின் குழு 2000-இல் 'லான்செட்' இதழில் இதை எழுதியது. மலேரியாவை மாத்திரையால் ஒழிக்க முடியுமா என்ற வாதம் எங்கே எழுந்தாலும் இன்றுவரை அனைட்டியத்தின் பெயர் வந்துவிடும்.

நோயே இல்லாதவர் ஏன் மருந்து விழுங்க வேண்டும்? மலேரியா அடிக்கடி வந்து போகும் ஊர்களில் பலருக்கு உடம்பு பழகிவிடும். ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கும், காய்ச்சல் இருக்காது. வயலுக்குப் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால்கூடப் பல நேரம் ஒட்டுண்ணி சிக்காது. கொசுவுக்கு மட்டும் சிக்கிவிடும்! அப்படியானால் யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிராமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்பதுதான் இந்த யோசனை. கேட்க எவ்வளவு எளிது! ஆனால் இதைப் பற்றி வல்லுநர்கள் சண்டை போடத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

யோசனை புதியதும் அல்ல. 1900 வாக்கிலேயே ராபர்ட் கோக், ஆம், காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த அதே கோக், நியூகினித் தீவின் ஸ்டெஃபன்சார்ட் என்ற இடத்தில் ரத்தத்தில் ஒட்டுண்ணி உள்ளவர்களைத் தேடித் தேடிக் கொயினா என்ற மலேரியா மருந்தைக் கொடுத்தார். அதே காலத்தில் இத்தாலிய அரசு கொயினாவை எங்கே விற்றது தெரியுமா? புகையிலைக் கடையில்! மருந்துக் கடை இல்லாத குக்கிராமத்திலும் புகையிலைக் கடை இருக்குமே!

உப்பில் மருந்தைக் கலந்த கதை இன்னும் வியப்பு. 1950-களில் பிரேசிலின் மாரியோ பினோட்டி, சமையல் உப்பிலேயே குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைச் சேர்த்துவிடலாம் என்றார். உப்பில்லாமல் யார் சாப்பிடப் போகிறார்கள்? ஆனால் ஒருவர் அதிகம் உப்பு சேர்ப்பார், ஒருவர் குறைவாகச் சேர்ப்பார், சிறு குழந்தைக்கு ஒரு சிட்டிகைதான் போகும். ஒட்டுண்ணியைக் கொல்லப் போதாத, அதைப் பழக்கிவிட மட்டும் போதுமான மருந்து பலருடைய ரத்தத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. கம்போடியாவில் தாய்லாந்து எல்லையை ஒட்டிய, ரத்தினச் சுரங்கங்கள் நிறைந்த பைலின் பகுதியிலும் மருந்து கலந்த உப்பைக் கொடுத்தார்கள். குளோரோகுயினுக்கு அடங்காத மலேரியா உலகில் முதலில் தலைதூக்கிய இடங்களில் ஒன்று அதே தாய்லாந்து–கம்போடிய எல்லை! உப்புதான் காரணமா என்று அறுதியிட முடியாவிட்டாலும், இன்றும் ஒரு சாராருக்கு எல்லோருக்கும் மருந்து கொடுக்கும் திட்டம் என்று கேட்டதும் பைலின் நினைவு வருகிறது.

மறுசாராரின் பதிலைக் கேளுங்கள். பாங்காக்கில் பணிபுரியும் மலேரியா அறிஞர் நிக்கோலஸ் வைட் போன்றவர்கள் சொல்வது இது: கடும் மலேரியா கண்ட ஒரே ஒரு நோயாளியின் உடம்பில் ஒரு லட்சம் கோடி ஒட்டுண்ணிகள் இருக்கலாம். அறிகுறி இல்லாதவரிடம் இருப்பது அதில் கடுகளவு. மருந்துக்கு அடங்காத புதிய ஒட்டுண்ணி பிறக்கும் வாய்ப்பு அரைகுறை மருந்து பெற்ற நோயாளியிடம்தான் அதிகம். முழு அளவு மருந்து பெற்ற ஆரோக்கியமானவரிடம் மிகக் குறைவு. உப்பின் தவறு, எல்லோருக்கும் கொடுத்தது அல்ல, எல்லோருக்கும் அரைகுறையாகக் கொடுத்தது! இந்த வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது.

சரி, முழு அளவில், விடாமல் கொடுத்தால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்! வடக்கு நைஜீரியாவின் கார்க்கி பகுதியில், 1969 முதல் 1976 வரை, உலக சுகாதார நிறுவனமும் நைஜீரிய அரசும் சேர்ந்து நடத்திய மாபெரும் ஆய்வு அது. வீட்டுச் சுவர்களில் பூச்சிமருந்து. சில கிராமங்களில் மழைக்காலம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை. ஒட்டுண்ணி உள்ளவர்கள் விகிதம் மழைக்காலத்தில் ஏறக்குறைய 5 சதவீதத்துக்கும், வறண்ட காலத்தில் 1 சதவீதத்துக்கும் இறங்கியது. மலைப்பான சாதனை! ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. மருந்தை நிறுத்தியதும் எல்லாம் திரும்பி வந்தது.

தமிழ்நாட்டில் யானைக்கால் நோய்க்கு ஊர் முழுக்க மாத்திரை கொடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி வரும்: அதற்குப் பலித்தது இதற்கு ஏன் பலிக்கவில்லை? யானைக்கால் புழுவின் குஞ்சு கொசுவுக்குள் போனால் பெருகாது. வளர மட்டும் செய்யும். மலேரியா ஒட்டுண்ணியோ கொசுவுக்குள்ளும் பெருகும், நம் ஈரலிலும் பெருகும், ரத்தத்திலும் பெருகும்! நூற்றில் ஐந்து பேரை விட்டால் போதும், சில மாதங்களில் ஊரை மறுபடி பிடித்துவிடும்.

நிகரகுவா நாடு 1981 நவம்பரில் ஏறக்குறைய 19 லட்சம் பேருக்கு மருந்து கொடுத்தது. நாட்டு மக்களில் பெரும்பகுதி! பலன் சில மாதங்களே நீடித்தது.

2007-இல் கொமொரோஸின் மொஹேலி தீவில், சீனாவின் லீ குவோச்சியாவ் குழு ஆர்டிமிசினின் கூட்டு மருந்தைத் தீவு முழுவதற்கும் கொடுத்தது. பின்னர் மற்றத் தீவுகளுக்கும். நோய் மளமளவென்று சரிந்தது. உடனே உலகெங்கும் வாக்குவாதம்! உயிர்களைக் காத்ததே என்று ஒரு பக்கம். ஆரோக்கியமான மக்களை இவ்வளவு பெரிய சோதனைக்கு உட்படுத்தலாமா என்று மறுபக்கம்.

அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா ஈரலில் மாதக்கணக்கில் தூங்கும். அதை எழுப்பாமலே கொல்லும் மருந்து ப்ரைமாகுயின். ஆனால் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதே மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். நோயாளிக்கு ஆபத்துள்ள மருந்தைக் கொடுப்பது வேறு, நன்றாக நடமாடும் மனிதருக்கு, அதுவும் அண்டை வீட்டார் நலனுக்காகக் கொடுப்பது வேறு. கோப்பில் கையெழுத்திட வேண்டிய அதிகாரி தயங்குவது இங்கேதான். ஒரே ஒருவர் மாத்திரையால் துன்பப்பட்டாலும் அடுத்த சுற்றில் கதவுகள் திறக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு நகர்ந்த விதம் தெரியுமா? 2015-இல், ஒழிப்பை நெருங்கிவிட்ட, நல்ல சிகிச்சையும் கண்காணிப்பும் உள்ள, வெளியிலிருந்து நோய் திரும்பி வரும் வாய்ப்புக் குறைந்த இடங்களில் எல்லோருக்கும் மருந்து கொடுக்கலாம் என்றது. கொள்ளைநோய்ச் சூழலையும் நெருக்கடிகளையும் சேர்த்துக்கொண்டது. 2022-இல் நோய்ச்சுமை மிகுந்த இடங்களில் தற்காலிக நிவாரணமாகவும், நிபந்தனையோடு, ஒப்புக்கொண்டது.

நெருக்கடி என்றால் எப்படி? சியரா லியோனில் எபோலா பரவியபோது, 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் ஏறக்குறைய 25 லட்சம் பேருக்கு மலேரியா மருந்து கொடுத்தார்கள். மலேரியாக் காய்ச்சலும் எபோலாக் காய்ச்சலும் தொடக்கத்தில் ஒன்றுபோல இருக்கும். மலேரியா குறைந்தால், வெறும் மலேரியாவோடு எபோலா மையத்துக்கு வந்து அங்கே எபோலாவை ஒட்டிக்கொள்ளும் பரிதாபம் குறையும்! ஒரு நோயை அடக்க இன்னொரு நோய்க்கு மருந்து! இதைவிட அழகான பொதுச் சுகாதார யோசனையை நான் அதிகம் கண்டதில்லை.

இனி மீகாங் வட்டாரம். மியான்மர், கம்போடியா, வியட்நாம், லாவோஸ் நாடுகளில் 16 கிராமங்களில் நடந்த ஆய்வில், மாதம் ஒரு சுற்றாக மூன்று சுற்று மருந்து. மருந்து பெற்ற கிராமங்களில் ஃபால்சிபாரம் உள்ளவர்கள் 5.1 சதவீதத்திலிருந்து மூன்றே மாதத்தில் 0.4 சதவீதம் ஆனார்கள். பிறகு மெல்ல ஏறியது. காட்டுக்கு வேலைக்குப் போய் வருபவர்களை யார் நிறுத்துவது? மக்கள் தயங்கியதும் மாத்திரைக்காக மட்டும் அல்ல. பக்கவிளைவோடு, ரத்தம் எடுப்பதும் பயம். ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிய நேரம், மருந்தைப் போலவே முக்கியமான செலவு என்பதை இங்கே வேலை செய்தவர்கள் அனுபவத்தில் கண்டார்கள்.

மியான்மரின் கரேன் மாநிலத்தில் ஃபிரான்சுவா நோஸ்டென் குழு செய்தது இதற்கு ஒரு படி மேல். முதலில் 1,200-க்கும் மேற்பட்ட கிராமங்களில் மலேரியா நிலையம்: ஓர் உள்ளூர்க்காரர், ஒரு சோதனைப் பட்டை, கையோடு மருந்து. நோய் மறைந்து பதுங்கிய கிராமங்களுக்கு மட்டும் ஊர் முழுக்க மாத்திரை. ஃபால்சிபாரம் பெரும்பாலான கிராமங்களில் அறவே காணாமல் போனது! மாத்திரை சுற்றுகள் முடிந்த பிறகும் அந்த உள்ளூர்க்காரர் அங்கேயே இருந்தார் என்பதில்தான் வெற்றியின் சூட்சுமம் இருக்கிறது என்பேன்.

பிறகு 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சண்டை, இடப்பெயர்வு, மருந்து போய்ச்சேராத பாதைகள். 2019-இல் 78,000 என்று மதிப்பிடப்பட்ட மியான்மரின் மலேரியா நோயாளிகள் எண்ணிக்கை 2022-இல் 5,84,000!