எளிய தீபாவளியும் நிறைந்த அன்னதானமும்

ஐப்பசித் திங்களின் இரு நன்னாள்களை அன்பர்கள் நன்கறிவர். ஒன்று, தீபாவளித் திருநாள். மற்றொன்று, பௌர்ணமியன்று சிவாலயங்களில் நிகழும் அன்னாபிஷேகம். முன்னது இல்லந்தோறும் ஒளி நிறையும் நாள். பின்னது, எல்லா உயிர்க்கும் படியளக்கும் பெருமான் அன்னத்தாலேயே அலங்கரிக்கப்பெறும் நாள். இவ்விரண்டையும் ஒருசேரச் சிந்தித்தால், பண்டிகையைக் கொண்டாடும் முறை தெளிவாகும்.

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய இலிங்கத் திருமேனிக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அன்னாபிஷேகம் செய்யப்பெறுகிறது. பூசை நிறைவுற்றதும் அவ்வன்னம் அடியார்களுக்குப் பிரசாதமாக வழங்கப்படுகிறது. பாணத்தின் மீது சாத்திய அன்னம் நீர்நிலையில் கரைக்கப்பட்டு, நீர்வாழ் உயிர்களுக்கு உணவாகிறது. இறைவனுக்குப் படைத்தது உயிர்களைச் சென்றடைவதே வழிபாட்டின் நிறைவு என்பதை இது உணர்த்துகிறது.

அடியார் வரலாறுகளும் இதனையே கூறுகின்றன. இளையான்குடி மாற நாயனார் செல்வம் முழுவதும் தேய்ந்த பின்னும் விருந்தோம்பலைக் கைவிடவில்லை. மழை பொழியும் நள்ளிரவில் வந்த அடியவருக்காக, அன்று விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்தார்; வீட்டுக் கூரையின் மரத்தை அறுத்து விறகாக்கினார். திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது, அப்பரும் சம்பந்தரும் இறைவன் அளித்த படிக்காசைக் கொண்டு அடியார்களுக்கு அமுதளித்தனர்.

இனி, நம் இல்லத்துத் தீபாவளியை நோக்குவோம். விடியற்காலை எண்ணெய் நீராடல், திருவிளக்கு, புத்தாடை, சிறிது இனிப்பு, பெரியோர் ஆசி, ஆலய தரிசனம் ஆகியவையே இதன் இன்றியமையாத அங்கங்கள். ஒருவருக்கே மூன்று நான்கு உடைகள், பெட்டி பெட்டியாகப் பட்டாசு, உண்பாரின்றிக் கெடும் பலகாரம் ஆகியன பின்னர் வந்து சேர்ந்தவை. இவற்றுக்காகக் கடன்படுவோரும் உளர். அங்கங்களைக் காத்து, மிகையைக் குறைப்பதனால் பண்டிகை குறைவுபடாது.

குறைத்த தொகையை நல்வழியில் சேர்க்கும் முறைகள் சில:

பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பே குடும்பத்தார் கூடிச் செலவுகளைத் திட்டமிட்டு, ஒரு பங்கை அறத்திற்கென முதலில் எடுத்து வைத்தல் நலம். எஞ்சியதைக் கொடுப்போம் என்றிருந்தால் எதுவும் எஞ்சுவதில்லை.

தமிழகத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அன்னதானத் திட்டத்திற்குக் காணிக்கை செலுத்தி இரசீது பெறலாம். பிறந்தநாள், திருமண நாள், முன்னோர் நினைவு நாள் ஆகியவற்றையும் இவ்வாறு சிறப்பிக்கலாம்.

காஞ்சிப் பெரியவர் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டத்தை ஒவ்வோர் இல்லமும் மேற்கொள்ளலாம். நாள்தோறும் 50 கிராம் அரிசியைத் தனியே எடுத்து வைத்தால், ஓராண்டில் 18 கிலோவுக்கு மேல் சேரும். எவருக்கும் இது சுமையாகாது.

அண்டையில் வாழும் ஏழைக் குடும்பத்திற்கு நேரே உதவுவதாயின், பண்டிகைக்கு முன்னரே கொடுத்தல் வேண்டும். அன்று காலை அவர்தம் குழந்தையும் புத்தாடை உடுத்த வேண்டுமன்றோ! நாம் உடுத்திக் கழித்ததை அல்ல, நம் குழந்தைக்கு எடுத்தது போன்ற ஆடையையே அளிப்போம். பலர் முன்னிலையில் நிறுத்திக் கொடுத்தால் பெறுபவர் மனம் கூசும். அடக்கமாகக் கொடுப்பதே தானத்திற்கு அழகு.

மற்றொன்றையும் மறவாதிருப்போம். எளிமை என்பது உழைப்பவர் கூலியைக் குறைப்பதன்று. மண் அகல் செய்யும் குயவர், கைத்தறி நெசவாளர், நம் வீட்டில் பணிபுரிவோர் ஆகியோருக்கு உரியதை மனமுவந்து கொடுத்தல் வேண்டும். அது தானமும் அன்று, நம் கடமை.

ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவதால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. இவ்வாண்டு நம் இல்லத்து விளக்கோடு, அயலார் இல்லத்து அடுப்பும் எரியத் துணை நிற்போம். எல்லாம் வல்ல இறைவன் திருவருளைப் பெறுவோமாக!